சில்லு (பாண்டி விளையாட்டு)

சில்லு என்பது பாண்டி முதலிய கட்டம் தாண்டும் விளையாட்டுகளில், தரையில் வரையப்பட்ட கட்டத்தினுள் எறிவதற்கும், பின்னர் நொண்டியடித்தபடி காலால் தள்ளுவதற்கும் பயன்படும் சிறிய, தட்டையான பொருளாகும். பெரும்பாலும் உடைந்த மண்பானையின் அல்லது கூரை ஓட்டின் துண்டே சில்லாகப் பயன்படுகின்றது. தமிழ்நாட்டின் பிற பகுதிகளைப் போலவே திருநெல்வேலி மாவட்டத்திலும், தாமிரபரணி ஆற்றுப் படுகையிலும் சிறுமியர் இதனைப் பெரிதும் ஆடிவந்துள்ளனர். சிறுவர்களும் ஆடுவதுண்டு.

பாண்டி ஆட்டத்துக்கு வேறு கருவி எதுவும் தேவையில்லை. எனவே ஆட்டக்காரர் தமக்கெனத் தேர்ந்தெடுக்கும் ஒரே கருவி சில்லு மட்டுமே. நல்ல சில்லு எறிந்த இடத்தில் நிற்கவேண்டும்; ஆனால் காலால் தள்ளும்போது தடையின்றி நகரவேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இவ்விரு தேவைகளுக்கும் இடையே பொருத்தமான ஒன்றைக் கண்டறிவதே சில்லுத் தேர்வு ஆகும்.

பெயர்

சில்லு என்னும் சொல் தட்டையான அல்லது வட்டமான சிறு துண்டைக் குறிக்கும். தேங்காய்ச் சில்லு, முழங்காற் சில்லு ஆகிய வழக்குகளில் இப்பொருளைக் காணலாம். இலங்கைத் தமிழில் சில்லு என்பது வண்டியின் சக்கரத்தையும் குறிக்கின்றது. தற்காலத்தில் மின்னணுவியலில் பயன்படும் சிறு தகட்டையும் தமிழில் சில்லு என அழைக்கின்றனர்.

ஓட்டுத் துண்டினால் ஆன சில்லு, ஓட்டாஞ்சில்லு எனப்படுகின்றது. விளையாட்டும் இடத்துக்கு இடம் பாண்டி, சில்லு, சில்லுக்கோடு, நொண்டி, வட்டு எனப் பல பெயர்களால் அழைக்கப்படுகின்றது. இவற்றுள் வட்டு என்பது பழமையான சொல்லாகும். வட்டெறிதல், குறுவட்டு, வன்வட்டு ஆகிய இக்காலச் சொற்கள் இதிலிருந்து பிறந்தவையே.

இந்தியாவின் பிற மொழிகளிலும் இவ்விளையாட்டுக்குத் தனிப் பெயர்கள் உள்ளன. தெலுங்கில் தொக்குடு பில்ல என்றும், கன்னடத்தில் குண்டே பில்லே என்றும், வங்காளத்தில் எக்கா தொக்கா என்றும், வட இந்தியாவில் ஸ்டாப்பு என்றும் வழங்குகின்றது. தெலுங்கு, கன்னடப் பெயர்களில் வரும் பில்ல, பில்லே என்பன சில்லையே குறிக்கின்றன.

இலக்கியக் குறிப்புகள்

வட்டாடுதல் பற்றிய குறிப்புகள் பழந்தமிழ் இலக்கியங்களில் உள்ளன. நற்றிணையின் 3ஆம் பாடலில், வேப்பமரத்தின் புள்ளி நிழலில் சிறுவர்கள் தரையில் அரங்கு கீறி, நெல்லிக்காயை வட்டாகக் கொண்டு ஆடும் காட்சி இடம்பெறுகின்றது. திருக்குறளில் கல்லாமை அதிகாரத்தின் முதற் குறள் (குறள் 401), நூலறிவு நிரம்பாமல் அவையிற் பேசுவதை, அரங்கு வரையாமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகின்றது. கட்டம் வரைந்து, அதன் எல்லைக்கு உட்பட்டு ஆடுவது இவ்வகை விளையாட்டின் அடிப்படை என்பது இவ்வுவமையிலிருந்து தெளிவாகின்றது.

எனினும், இவ்விடங்களிற் சொல்லப்படும் வட்டாட்டமும் இன்றைய பாண்டியும் ஒன்றே எனக் கொள்ளமுடியாது. நெல்லிக்காய் உருளக்கூடியது, அதைக் கட்டத்தில் எறிந்து நிறுத்துவது கடினம். காய்களைக் கட்டத்தில் நகர்த்தி ஆடும் வேறொரு ஆட்டமாகவும் அது இருந்திருக்கலாம்.

தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட தமிழ்நாட்டு விளையாட்டுகள் என்னும் நூல் பாண்டி உட்பட ஏராளமான விளையாட்டுகளைப் பதிவு செய்துள்ளது. பாவாணர் 1902இல் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

ஆட்டத்தில் சில்லின் பணி

பாண்டியில் பல வகைகள் உள்ளன. ஒரே வரிசையில் கட்டங்கள் அமைந்தது ஒற்றைப் பாண்டி எனவும், இரு வரிசைகளில் அமைந்தது இரட்டைப் பாண்டி எனவும் பொதுவாக அழைக்கப்படுகின்றன. வானூர்தி போன்ற வடிவில் வரையப்படுவதும் உண்டு. விதிகள் ஊருக்கு ஊர் வேறுபட்டாலும், சில்லு செய்யவேண்டிய பணிகள் ஏறத்தாழ ஒன்றே. அவை பின்வருமாறு:

1. எறிதல்: ஆட்டக்காரர் கட்டங்களுக்கு வெளியே நின்று, உரிய கட்டத்தில் சில்லை எறிவார். சில்லு கோட்டைத் தொட்டாலோ, வேறு கட்டத்தில் விழுந்தாலோ, துள்ளி வெளியேறினாலோ ஆட்டம் அடுத்தவருக்குப் போகும்.

2. தள்ளுதல்: பல வகைகளில், நொண்டியடித்துச் சென்று, ஊன்றிய காலாலேயே சில்லை அடுத்த கட்டத்துக்குத் தள்ளவேண்டும். அப்போதும் சில்லு கோட்டில் நிற்கக்கூடாது.

3. எடுத்தல்: சில வகைகளில் தள்ளுவதற்குப் பதிலாக, ஒற்றைக் காலில் நின்றபடி குனிந்து சில்லை எடுத்துத் திரும்பவேண்டும்.

4. சுமத்தல்: எல்லாக் கட்டங்களையும் முடித்தபின், சில்லைத் தலை, நெற்றி, புறங்கை அல்லது பாதத்தின் மேல் வைத்துக்கொண்டு, கீழே விழாமல் கட்டங்களைக் கடக்கவேண்டும். சில்லை நெற்றியில் வைத்து வானத்தைப் பார்த்தபடி நடக்கையில், கோட்டை மிதித்தோமா என்று ஒவ்வோர் அடிக்கும் கேட்டுச் செல்வது வழக்கம்.

5. பழம் எடுத்தல்: கட்டங்களுக்கு முதுகைக் காட்டி நின்று, தலைக்கு மேலாகப் பின்புறம் எறிந்து, சில்லு விழும் கட்டத்தைத் தனதாக்கிக் கொள்ளுதல்.

தேர்வின் அடிப்படைகள்

அளவு

சில்லு கோட்டைத் தொடக்கூடாது என்பதால், சில்லு பெரிதாகும்போது பிழைக்கு உள்ள இடம் குறைகின்றது. 45 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரக் கட்டத்தை எடுத்துக்கொள்வோம். 5 செ.மீ. விட்டமுள்ள சில்லு கோட்டைத் தொடாமல் நிற்கவேண்டுமானால், அதன் மையம் 40 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தினுள் அமையவேண்டும். அதாவது 1600 சதுர செ.மீ. பரப்பு கிடைக்கின்றது. 8 செ.மீ. சில்லுக்கு இப்பரப்பு 37 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக, 1369 சதுர செ.மீ. ஆகச் சுருங்குகின்றது. இது ஏறத்தாழ 14 விழுக்காடு இழப்பாகும்.

3 செ.மீ. சில்லுக்கு 1764 சதுர செ.மீ. பரப்புக் கிடைத்தாலும், வேறு குறைகள் உண்டு. சிறு சில்லு தரையிலுள்ள பரற்கற்களில் தட்டுப்பட்டுத் திசை மாறும். கால்விரலுக்கு அடியிற் சிக்கும். தள்ளும்போது நேராகச் செல்லாது. எனவே சிறுவர்களின் உள்ளங்கையில் அடங்கும் 5 முதல் 6 செ.மீ. விட்டம் பெரும்பாலோருக்குப் பொருந்துகின்றது.

எடை

சுட்ட களிமண்ணின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2 கிராம் ஆகும். இதனைக் கொண்டு சில்லின் எடையை மதிப்பிடலாம்.

3 செ.மீ. விட்டம், 8 மி.மீ. தடிப்பு: ஏறத்தாழ 11 கிராம்
5 செ.மீ. விட்டம், 8 மி.மீ. தடிப்பு: ஏறத்தாழ 31 கிராம்
6 செ.மீ. விட்டம், 10 மி.மீ. தடிப்பு: ஏறத்தாழ 57 கிராம்
8 செ.மீ. விட்டம், 10 மி.மீ. தடிப்பு: ஏறத்தாழ 100 கிராம்

கனமான சில்லு குறைந்த தூரமே வழுக்கும் என்பது பொதுவான நம்பிக்கை. இது ஓரளவுக்கே சரியாகும். சமமான, கடினமான தரையில் வழுக்கிச் செல்லும் பொருளின் தூரம் அதன் வேகத்தையும் உராய்வுக் கெழுவையும் பொறுத்தது, எடையைப் பொறுத்ததன்று. எடை கூடினால் உராய்வு விசையும் அதே அளவு கூடும்; ஆனால் நிறுத்தப்படவேண்டிய திணிவும் கூடுகின்றது. இரண்டும் ஒன்றையொன்று ஈடு செய்துவிடும். எடுத்துக்காட்டாக, உராய்வுக் கெழு 0.4 ஆக உள்ள தரையில், நொடிக்கு 2 மீட்டர் கிடை வேகத்துடன் வழுக்கத் தொடங்கும் சில்லு, அது 30 கிராமாயினும் 60 கிராமாயினும், ஏறத்தாழ 50 செ.மீ. சென்றே நிற்கும். இது ஒரு முழுக் கட்டத்தைவிடக் கூடுதலாகும்.

அப்படியாயின் கனமான சில்லு நன்றாக நிற்பதாகத் தோன்றுவது ஏன்? மண்தரை முழுமையாகக் கடினமானதன்று. கனமான சில்லு விழும்போது புழுதியில் சிறிது பதிகின்றது, சிறு கற்களால் திசை மாறுவதில்லை, காற்றினாலும் அலைவதில்லை. சிமெந்துத் தரையில் இந்நன்மைகள் பெரும்பாலும் இல்லை. மறுபுறம், எடை கூடிய சில்லைத் தள்ளக் கூடுதல் விசை தேவைப்படும். வெறுங்காலில் ஆடுவோருக்கு விரல்நுனி நோகும். ஆகவே சிறு குழந்தைகளுக்கு 30 கிராம் அளவிலானதும், வளர்ந்தோருக்கு அதைவிடச் சற்றுக் கனமானதும் பொருத்தமானவை எனலாம்.

தட்டையும் வளைவும்

பானையோட்டுத் துண்டு எப்போதும் சிறிது வளைந்தே இருக்கும். எந்தப் பானையிலிருந்து துண்டு எடுக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து இவ்வளைவு மாறுபடும். 10 செ.மீ. ஆரமுடைய சிறு கலயத்திலிருந்து எடுத்த 5 செ.மீ. அகலத் துண்டின் நடுப்பகுதி, விளிம்பிலிருந்து 3 மி.மீ.க்கு மேல் உயர்ந்திருக்கும். 25 செ.மீ. ஆரமுடைய பெரிய தண்ணீர்ப் பானையிலிருந்து எடுத்த அதே அகலத் துண்டில் இவ்வுயரம் 1 மி.மீ.ஐச் சற்றே தாண்டும். எனவேதான் பெரும் பானை, தொட்டி ஆகியவற்றின் வயிற்றுப் பகுதித் துண்டுகள் சிறந்த சில்லுகளாகின்றன. கழுத்துப் பகுதித் துண்டு இரு திசைகளில் வளைந்திருப்பதால் பயன்படாது.

வளைந்த சில்லு குழிவுப் பக்கம் கீழாக விழுந்தால், விளிம்பு தரையைப் பற்றி விரைவில் நின்றுவிடும். குவிவுப் பக்கம் கீழாக விழுந்தால், ஒரே புள்ளியில் தரையைத் தொட்டு ஆடிச் சுழலும். ஆனால் காலால் தள்ளும்போது எளிதாக நகரும். எப்பக்கம் விழும் என்பதை எறிபவர் உறுதி செய்ய இயலாது. இரு பக்கமும் ஒரே தன்மையுடைய தட்டையான சில்லைப் பழகிய ஆட்டக்காரர் விரும்புவதற்கு இதுவே காரணமாகும்.

விளிம்பு

முழு வட்டமான சில்லைத் தள்ளும்போது எப்பக்கத்தில் கால் பட்டாலும் அது ஒரே விதமாக நகரும். ஆனால் எறியும்போது விளிம்பில் விழுந்தால், சக்கரம் போல் உருண்டு கட்டத்தைவிட்டு ஓடிவிடும். ஆறு அல்லது எட்டு மழுங்கிய மூலைகளைக் கொண்ட சில்லு உருளாது. எனினும் தள்ளும்போது மூலையிற் கால் பட்டால் கோணலாகச் செல்லும். கையால் தட்டிச் செய்யப்படும் சில்லு இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாக அமைவது ஆட்டத்துக்கு நன்மையே ஆகும். தடிப்பு விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல் இருந்தால் விளிம்பில் நிற்கும் வாய்ப்புக் குறையும்.

பொருள்

பல்வேறு பொருள்களின் தன்மைகள் பின்வருமாறு:

மண்பானை ஓடு: சொரசொரப்பானது, குறைவாகத் துள்ளும். அளவோடு சுடப்படாதது எளிதில் உடையும். மிகையாகச் சுடப்பட்டது கற்போல் துள்ளும்.
நாட்டு ஓடு: குழல் போல வளைந்தது. பெரும்பாலும் பொருந்தாது.
சீமை ஓடு: மங்களூர் ஓடு எனவும் படும். தட்டையான பகுதிகள் கொண்டது. தடிப்பும் எடையும் கூடியது.
ஆற்றுக் கூழாங்கல்: வழவழப்பானது, துள்ளும், உருளும். தட்டையானவை மட்டுமே பயன்படும்.
கருங்கற் சில்லு: அடர்த்தி கூடியது. விளிம்பு கூர்மையாக இருப்பதால் காலுக்குத் தீங்கு.
பளிங்கு ஓடு, மொசைக் துண்டு: ஒரு பக்கம் வழுக்கும், மறுபக்கம் பற்றும். உடைந்த விளிம்பு காலைக் கிழிக்கும்.
செருப்பின் இறப்பர்த் துண்டு: காலுக்குத் தீங்கில்லை. துள்ளும் தன்மை கூடியது. தரையைப் பற்றிக்கொள்வதால் தள்ளுவது கடினம்.

கண்ணாடித் துண்டுகளை எக்காரணம் கொண்டும் சில்லாகப் பயன்படுத்தக்கூடாது.

தரைக்கு ஏற்ற தேர்வு

ஒரே சில்லு எல்லாத் தரைக்கும் பொருந்துவதில்லை. திருநெல்வேலிக்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலை 44இல், சிற்றாற்றின் கரையில் அமைந்துள்ள கங்கைகொண்டான் இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும். சிற்றாறு, தாமிரபரணியின் கிளையாறுகளுள் ஒன்று; சீவலப்பேரி அருகே அது தாமிரபரணியுடன் கலக்கின்றது. தெற்கே தாமிரபரணியின் வண்டல் நிலமும், வடக்கே கோவில்பட்டியை நோக்கிச் செல்லுகையில் கரிசல் நிலமும் உள்ளன. ஆகவே இவ்வட்டாரத்தில் சில கிலோமீட்டர் தொலைவுக்குள்ளேயே பலவகைத் தரைகளைக் காணலாம்.

ஆற்று மணல்: சில்லு விழுந்த இடத்திலேயே புதையும். எறிவது எளிது, தள்ளுவது இயலாத ஒன்று. எடுத்துத் திரும்பும் வகைப் பாண்டிக்கே இத்தரை ஏற்றது. கோடும் விரைவில் அழியும்.

கரிசல் தரை: காய்ந்த காலத்தில் வெடிப்பு விடும். சிறு சில்லு வெடிப்பிற் சிக்கும். பெரிய சில்லு தேவை. மழைக்காலத்தில் மண் சில்லில் ஒட்டி அதன் எடையைக் கூட்டிவிடும்.

சாணம் மெழுகிய முற்றம்: சமமானது, சற்றே மென்மையானது. எறிவதற்கும் தள்ளுவதற்கும் ஒருங்கே ஏற்றது. பானையோட்டுச் சில்லின் நற்பண்புகள் யாவும் இத்தரையிலேயே முழுமையாக வெளிப்படுகின்றன.

சிமெந்துத் தரை: துள்ளல் மிகுதி. இங்கு உயரமாக எறிவது தவறாகும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் சில்லு நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்துடன் தரையைத் தாக்கும். மண்தரை இவ்வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும், சிமெந்து திருப்பியனுப்பும். எனவே மண்தரையில் சில்லை மேல்நோக்கி வளைவாக எறிவதும், சிமெந்துத் தரையில் குனிந்து தாழ்வாக, குறைந்த வேகத்துடன் விடுவதும் சிறந்தவை. மென்மையான, நன்கு சுடாத ஓடு இத்தரையில் குறைவாகத் துள்ளினாலும் விரைவில் உடைந்துபோகும்.

செய்யும் முறை

முதலில் விரும்பும் அளவைவிடச் சற்றுப் பெரிய, தட்டையான துண்டு ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். துண்டை ஒரு கையில் பிடித்து, மறுகையிலுள்ள சிறு கல்லால் விளிம்பைச் சுற்றிலும் மெதுவாகத் தட்டவேண்டும். ஒரே அடியில் பெரிய துண்டை உடைக்க முயன்றால் சில்லு நடுவே பிளக்கும். ஏறத்தாழ வட்டமானதும், சொரசொரப்பான கருங்கல்லில் தண்ணீர் தெளித்து விளிம்பைத் தேய்த்து மழுக்கவேண்டும்.

முடிந்தபின் பின்வரும் சோதனைகளைச் செய்யலாம்:

1. விரலாற் சுண்டினால் கணீரென்று ஒலிக்கவேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு இருக்கக்கூடும்.
2. சமதரையில் வைத்து விளிம்பை அழுத்தினால் ஆடக்கூடாது.
3. இடுப்பு உயரத்திலிருந்து தட்டையாக விட்டால் ஒரு சாண் தூரத்துக்குள் அடங்கவேண்டும்.
4. காலாற் பத்து முறை தள்ளினால் பெரும்பாலும் நேராகச் செல்லவேண்டும்.
5. புறங்கையில் வைத்து நடந்தால் வழுக்கக்கூடாது.

எறியும்போது சில்லைச் சுட்டுவிரலால் விளிம்பில் அணைத்து, சிறிது சுழற்றி விடுவது நல்லது. சுழலும் தட்டு தன் சாய்வை மாற்றாமல் செல்லும். ஆதலால் தட்டையாகவே தரையிறங்கும்.

பிற நாடுகளில்

கட்டம் தாண்டும் விளையாட்டு உலகின் பல பகுதிகளில் உள்ளது. பிரான்சில் இது மாரேல் என்றும், செருமனியில் சொர்க்கமும் நரகமும் எனப் பொருள்படும் பெயராலும் அழைக்கப்படுகின்றது. இசுக்கொட்லாந்தில் எறியும் பொருளுக்குப் பீவர் என்று பெயர். வழுவழுப்பான கல் வில்லையும், காலணி மெருகு அடைக்கப்பட்ட தகர டப்பாவும் அங்கு பீவராகப் பயன்பட்டுள்ளன. தமிழ்நாட்டில் உடைந்த பானை போல, அங்கும் வீட்டில் கழிக்கப்பட்ட பொருளே விளையாட்டுக் கருவியாகியது.

டிஸ்க் கோல்ப் தட்டுடன் ஒப்பீடு

குறுந்தொலைவுக்குத் துல்லியமாக எறியும் தட்டைத் தேர்ந்தெடுக்கும் சிக்கல், 20ஆம் நூற்றாண்டில் தோன்றிய டிஸ்க் கோல்ப் விளையாட்டிலும் உள்ளது. பிரிஸ்பீ வகைத் தட்டுகளைச் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடையினுள் எறியும் இவ்விளையாட்டை, 1970களில் ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் எட் ஹெட்ரிக் என்பவர் ஒழுங்குபடுத்தினார். 1976இல் இதற்கான தொழில்முறைச் சங்கம் தொடங்கப்பட்டது.

1983இல் டேவ் டுனிபேஸ் என்பவர் சரிந்த விளிம்புடைய தட்டை வடிவமைத்தபின், தொலைதூரத் தட்டுகளும் குறுந்தூரத் தட்டுகளும் தனித்தனி வகைகளாகப் பிரிந்தன. கூடைக்கு அருகிலிருந்து எறியும் தட்டு புட்டர் எனப்படும். புட்டரின் விளிம்பு மழுங்கியது. மெதுவாகவும் நேராகவும் பறக்கும். தரையில் விழுந்தால் அதிகம் வழுக்காது. தொலைதூரத் தட்டின் விளிம்பு கூர்மையாக இருப்பதால், கூடையிற் படாவிட்டால் நெடுந்தூரம் ஓடிவிடும்.

இவ்விளையாட்டின் விதிகளின்படி தட்டின் விட்டம் 21 செ.மீ.க்குக் குறையக்கூடாது, எடை, விட்டத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் 8.3 கிராமுக்கு மேற்படக்கூடாது. எனவே 21.2 செ.மீ. விட்டமுள்ள புட்டர் ஏறத்தாழ 176 கிராம் வரை இருக்கலாம். காற்று வீசும் நாளில் கனமான புட்டரையும், கைக்குப் பிடிப்பு வேண்டுவோர் மென்மையான பிளாஸ்டிக்கினால் ஆனதையும் தேர்ந்தெடுப்பர். பெருவிரலின் அடியில் விளிம்பு எவ்வாறு பொருந்துகின்றது என்பதும் கவனிக்கப்படும்.

கூடையிலிருந்து 10 மீட்டருக்குள் நின்று எறிபவர், எறிந்தபின் நிலைதடுமாறாமல் நின்று காட்டிய பின்னரே முன்னே செல்லவேண்டும் என்பதும் ஒரு விதியாகும். ஒற்றைக்காலில் நின்று கோட்டை மிதிக்காமல் ஆடவேண்டிய பாண்டியுடன் இது ஒப்பிடத்தக்கது. இரு விளையாட்டுகளிலும் தட்டின் தேர்வு ஆட்டக்காரரின் உடற் சமநிலைக்குத் துணையாகுமே அன்றி, அதற்கு ஈடாகாது. ஒரே தட்டையே நெடுங்காலம் பயன்படுத்திக் கைப்பழக்கம் பெறுவது இரண்டிலும் நன்மை தரும்.

தொல்லியலில் வட்டச் சில்லுகள்

பானையோடுகளை வட்டமாகத் தட்டிச் செய்த சில்லுகள் தமிழ்நாட்டு அகழாய்வுகளில் மிகுதியாகக் கிடைக்கின்றன. சிவகங்கை மாவட்டம் கீழடியில் இவை நூற்றுக்கணக்கில் கிடைத்துள்ளன. தாமிரபரணிப் படுகையின் தொல்லியல் இடங்களிலும் இவ்வகைச் சில்லுகள் காணப்பட்டுள்ளன. இப்படுகையில் உள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் யாகோர் என்னும் செருமானியர் முதன்முதலில் அகழ்ந்தார்; அலெக்சாண்டர் ரே 1899 முதல் விரிவாக அகழாய்வு செய்தார். கொற்கையிலும், சிவகளையிலும் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை அகழாய்வு நடத்தியுள்ளது.

இச்சில்லுகள் பெரும்பாலும் விளையாட்டுப் பொருள்கள் என்றே வகைப்படுத்தப்படுகின்றன. ஆயினும் வட்டமான ஓடு ஒவ்வொன்றும் பாண்டிச் சில்லாக இருக்கவேண்டியதில்லை. நடுவில் துளையிட்டவை நூல் நூற்கும் கதிரின் எடையாகப் பயன்பட்டிருக்கலாம். மற்றவை சிறு கலங்களின் மூடியாகவோ, எண்ணுவதற்கான காயாகவோ, பலகையாட்டக் காயாகவோ, ஏழு கல் போன்று அடுக்கி ஆடும் ஆட்டத்துக்கு உரியதாகவோ இருக்கக்கூடும். பண்டைய கிரேக்க, உரோமப் பகுதிகளில் கிடைத்த இத்தகைய ஓட்டு வட்டுகளிற் சில, மலங்கழித்தபின் துடைக்கப் பயன்பட்டவை என 2012இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று கூறுகின்றது. விளையாட்டுக் காய்கள் என முன்னர் கருதப்பட்டவையும் அவற்றுள் அடங்கும்.

ஒரு சில்லு தரையில் எறிந்து காலால் தள்ளப்பட்டதா என்பதை அதன் தேய்மானத்தைக் கொண்டு ஓரளவு ஊகிக்கலாம். தள்ளப்பட்ட சில்லின் தட்டைப் பக்கங்களில் பல திசைகளிலும் கீறல்கள் இருக்கும். வளைவு இருந்தால் குவிவுப் பகுதி கூடுதலாகத் தேய்ந்திருக்கும். விளிம்பிற் சிறு சிதைவுகள் காணப்படும். மூடியாகப் பயன்பட்டதில் இத்தேய்மானம் இராது. எந்த மண்ணடுக்கில், வீட்டு முற்றத்திலா சூளையருகிலா, எப்பொருள்களுடன் சேர்ந்து கிடைத்தது என்பது இதைவிட முதன்மையான சான்றாகும்.

இக்காரணத்தினால், பழைய மேடுகளிலிருந்து ஓடுகளைப் பொறுக்கிச் சில்லாகப் பயன்படுத்துவது தவிர்க்கப்படவேண்டும். உட்புறம் கறுப்பும் வெளிப்புறம் சிவப்புமான ஓடுகள், கீறல் குறியீடுகள் உள்ள ஓடுகள், தாழியின் தடித்த துண்டுகள் ஆகியன பழமையானவையாக இருக்கக்கூடும். இடத்தைவிட்டு எடுக்கப்பட்ட ஓடு தன் சான்றுமதிப்பில் பெரும்பகுதியை இழந்துவிடுகின்றது. அதன் விளிம்பைத் தேய்த்தபின் எஞ்சியதும் அழிகின்றது. அத்தகைய ஓடுகளைக் காணும் மாணவர்கள் அவற்றை எடுக்காமல், இடத்தைக் குறித்துக்கொண்டு ஆசிரியருக்கோ தொல்லியல் துறைக்கோ தெரிவிப்பதே முறையாகும்.

இன்றைய நிலை

சமையலிலும் நீர் சேமிப்பிலும் மண்பானையின் இடத்தை எவர்சில்வர், அலுமினியம், பிளாஸ்டிக் கலங்கள் பிடித்துக்கொண்டமையாலும், ஓட்டுக் கூரைகள் காங்கிரீட் கூரைகளாக மாறிவருவதாலும், ஓட்டாஞ்சில்லு முன்போல எளிதாகக் கிடைப்பதில்லை. மண் முற்றங்கள் சிமெந்துத் தரைகளாகவும், தெருக்கள் தார்ச் சாலைகளாகவும் மாறியுள்ளன. சில்லுக்கு ஏற்ற தரையும், தரைக்கு ஏற்ற சில்லும் ஒருங்கே குறைந்து வருகின்றன.

எனினும் மண்பாண்டத் தொழில் இப்பகுதியில் முற்றாக மறைந்துவிடவில்லை. திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மாதேவிக்கு அருகிலுள்ள காருகுறிச்சி மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்றதாகும். சூளையில் உடைந்துபோகும் பானைகளின் துண்டுகள் சில்லு செய்யப் போதுமானவை. பழைய மேடுகளைத் தொடாமலேயே பள்ளிகளும் பெற்றோரும் குழந்தைகளுக்கு நல்ல சில்லுகளைப் பெற்றுத்தர இயலும். உராய்வு, துள்ளல், பரப்பளவு, சமநிலை ஆகியவற்றை மாணவர்கள் செலவின்றித் தாமே சோதித்தறிய உதவும் கருவியாகவும் சில்லு விளங்குகின்றது.

இவற்றையும் பார்க்க

பாண்டி (விளையாட்டு)
ஏழு கல்
கிட்டிப்புள்
வட்டெறிதல்
ஆதிச்சநல்லூர்
கங்கைகொண்டான்